வெறிநாய்க் கிருமியும் தேர் வீதி ஒயர்களும்

1

பத்து வருஷமாக எனக்குச் சோறு போடுவது வெறிநாய்க்கடிக் கிருமி. இதை ஊரில் யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: "ஊசி போட்டுக்கிட்டீங்களா?" போட்டுக்கொண்டேன். அவ்வப்போது ரத்தம் எடுத்தும் பார்க்கிறார்கள். அம்மா மட்டும் இன்னும் நம்பவில்லை. லீவுக்கு ஸ்ரீரங்கம் போனால், ஆட்டோவிலிருந்து இறங்கியதும் என்னை நேராகக் கொல்லைப்புறக் குழாய்க்கு அனுப்பிவிடுகிறாள். என் பெட்டிகூட வாசலில்தான் நிற்க வேண்டும். என் கணவரும் மகள் நிலாவும் முன்பக்கமாகப் போய் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு தோளோடு தோள் ஒட்டி விமானத்தில் வந்தவள்தான் நான் என்று அம்மாவிடம் வாதாடிப் பார்த்துவிட்டேன், பலனில்லை. கிருமி என்னிடம்தான் இருக்கிறது என்பது அவள் முடிவு.

இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. நான் ஜெர்மனிக்கு வந்து பத்து வருஷம் நிறைந்த நாளும், ஊரில் சித்திரைத் தேரும் இந்த வருஷம் ஒரே நாளில் வந்து விழுந்தன. அன்றைக்கு என் தம்பி செந்தில் ஏணியில் நின்றபடி போகிற போக்கில் சொன்ன ஒரு விஷயம், என் நாலு மாத வேலையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டது. அவனுக்கு அது அப்போது தெரியாது. இப்போது தெரியும்.

2

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது, அவ்வளவு அழகான வேலை அது.

மூளையில் ஒவ்வொரு நரம்பு செல்லும் ஒரு நீளமான இழையை நீட்டி இன்னொரு செல்லுக்குச் செய்தி அனுப்புகிறது. ஒரு எலியின் மூளையை மெல்லியதாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் இழைகள் தெரியும். எது எங்கே போய்ச் சேருகிறது என்பது தெரியாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நின்று அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே எத்தனை ஒயர் போகிறது, அதில் எது எந்தக் கடைக்குப் போகிறது என்று யாராவது சொல்ல முடியுமா? அதே கதிதான்.

இங்கேதான் நம் கிருமி வருகிறது. வெறிநாய் காலில் கடித்தால் அந்தக் கிருமி ரத்தத்தில் ஏறி மூளைக்குப் போவதில்லை. காலில் இருக்கும் நரம்பின் நுனிக்குள் நுழைந்து, அந்தச் செல்லுக்கு யார் செய்தி அனுப்புகிறாரோ அவருக்குள் தாவுகிறது. பிறகு அவருக்கு அனுப்புகிறவருக்குள். இப்படிப் பின்னோக்கி, பின்னோக்கி ஏறுகிறது. பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற செல்லாக இருந்தாலும் பேச்சுவார்த்தை இல்லையென்றால் அதற்குள் போவதில்லை. எந்த ஒயர் எங்கே சேருகிறது என்று நமக்குத் தெரியாதது, இந்தக் கொலைகாரக் கிருமிக்குத் தெரிகிறது.

அதன் விஷத்தைப் பிடுங்கிவிட்டு வித்தையை மட்டும் வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்தார். அந்தக் கிருமிக்கு ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்குத் தாவ ஒரு மரபணு வேண்டும். அதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பச்சையாக ஒளிர்கிற மரபணுவைச் செருகிவிடுகிறோம். இப்போது நுழைந்த செல் பச்சையாக மின்னும், ஆனால் கிருமி அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதோடு அதன் மேல் சட்டையையும் மாற்றி, பறவைகளைப் பிடிக்கிற வேறொரு கிருமியின் சட்டையை மாட்டுகிறோம். எலியின் எந்தச் செல்லும் அந்தச் சட்டைக்குக் கதவு திறக்காது. ஆக, தாவவும் முடியாது, நுழையவும் முடியாது.

பிறகு எதற்கு அது? அதற்காகத்தான் முன்கூட்டியே இன்னொரு சாதுவான வைரஸை அனுப்புகிறோம். அது நாங்கள் ஆராய நினைக்கிற செல்களில் மட்டும் வேலை செய்யும்; அதற்கான சாவி மரபணு அந்தச் செல்களில் மட்டும் இருக்கிற மாதிரி வளர்த்த எலிகள் எங்களுடையவை. அந்தச் செல்களுக்கு ஒரு கதவையும், பச்சைக் கிருமி பறிகொடுத்த மரபணுவையும், அடையாளத்துக்குச் சிவப்பு ஒளியையும் கொடுக்கும். இந்த முதல் வைரஸை நான் மனசுக்குள் உறைமோர் என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். அதை ஊற்றிவிட்டு மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். பிறகு பச்சைக் கிருமியை விட்டால், அது அந்தக் கதவு வழியாக நுழையும், தொலைத்த மரபணுவை அங்கே கடன் வாங்கும், ஒரே ஒரு படி பின்னால் தாவும். தாவி இறங்கிய செல்லில் கடன் கொடுக்க ஆள் இல்லை. அங்கே நின்று மின்னிக்கொண்டிருக்கும். மின்னுகிறவர்கள் எல்லாம் நேரடியாகப் பேசுகிறவர்கள். நடுவில் ஆள் கிடையாது.

முதல் தடவை இதைப் பார்த்தபோது மைக்ராஸ்கோப் இருட்டறையில் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். இன்றைக்கும் அந்தப் பச்சையைப் பார்த்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

3

நான் தேடுவது ஒரு சின்ன விஷயம். பயந்தால் ஏன் சோறு இறங்குவதில்லை?

பரீட்சை நாட்களில் எனக்கு இட்லி தொண்டையிலேயே நிற்கும். "முழுங்கிட்டுப் போடி, ஒண்ணாம் நம்பர் பஸ் போயிடும்" என்று அம்மா முதுகில் தட்டுவாள். எனக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் நடப்பதுதான். மூளையின் அடியில், கழுத்துக்குச் சற்று மேலே, விழுங்கு என்று தொண்டைக்கு உத்தரவு போடுகிற செல்கள் இருக்கின்றன. பயத்தைக் கவனிக்கிற இடம் வேறு எங்கோ முன்னால் இருக்கிறது. இரண்டுக்கும் நேரடி ஒயர் உண்டா, இல்லை நடுவில் நாலு பேர் கைமாற்றித்தான் செய்தி போகிறதா? விழுங்க முடியாமல் தவிக்கிற நோயாளிகளுக்கு இது ஒருநாள் பயன்படலாம் என்று எங்கள் விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறோம். எனக்கு அந்த இட்லிக்குப் பதில் தெரிந்தால் போதும்.

ஏப்ரலில் பதில் கிடைத்தது. விழுங்குகிற செல்களில் உறை ஊற்றி, பச்சையை விட்டு, ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பயம் இருக்கிற இடம் முழுக்கப் பச்சை. எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவி ஆன்யா என்னைவிட ஏழு வயது சின்னவள், எதற்கும் சட்டென்று சிரிக்காதவள். அவளே திரைக்கு முன்னால் நின்று தோளைக் குலுக்கிக்கொண்டு சிரித்தாள். நான் படத்தை அப்போதே செந்திலுக்கு அனுப்பினேன்.

"வைகுண்ட ஏகாதசிக்கு சீரியல் லைட் போட்ட மாதிரி இருக்குக்கா" என்று பதில் வந்தது. அதைத் தன் போனில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் ஒரு ஆள் விடாமல் காட்டினான். ஆவின் பூத்காரர்வரை என் பச்சைப் புள்ளிகளைப் பார்த்துவிட்டார்.

அந்தப் படத்தின் மேல் வேறொரு பாரமும் இருந்தது. என் வேலை ஒப்பந்தம் ஜூலையோடு முடிகிறது. திட்டம் இன்னும் இரண்டு வருஷம் நீளுமா என்று ஒரு குழு கூடி முடிவு செய்யும். குழுவுக்கு ஆன்யா அனுப்பியது இந்தப் படம்தான். ஒப்பந்தம் நீண்டால்தான் விசா நீளும். என் கணவருக்கும் நிலாவுக்கும் என் விசாவை ஒட்டித்தான் எல்லாம்.

வெளிநாட்டவர் அலுவலகத்தில் எனக்குப் பழைய கதை ஒன்று உண்டு. முதல் வருஷம் அங்கே என்ன வேலை என்று கேட்டார்கள். அரைகுறை ஜெர்மனில், மாற்றியமைத்த வெறிநாய்க்கடிக் கிருமியோடு வேலை செய்கிறேன் என்று சொல்ல நினைத்து, "எனக்கு வெறிநாய்க்கடி இருக்கிறது, ஆனால் மாற்றியமைத்தது" என்று சொல்லிவைத்தேன். எதிரே இருந்த அம்மாள் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். இன்றும் அதே அம்மாள்தான். என்னைப் பார்த்ததும் லேசாக நாற்காலியை நகர்த்திவிட்டுச் சிரிப்பார். ஆனால் காகிதம் என்று வந்துவிட்டால் சிரிப்பெல்லாம் செல்லாது. "புதிய ஒப்பந்தம் எங்கே?" என்பார். "வரும்" என்பேன். "வந்ததும் வாருங்கள்" என்பார்.

4

செந்திலுக்கு சித்திரை வீதிகளில் கேபிளும் இன்டர்நெட்டும் கொடுக்கிற வேலை. ஜெர்மன்காரர்களுக்குச் சொன்னால் புரியாத ஒரு தொல்லை அவனுக்கு வருஷத்துக்கு ஒருமுறை வரும். தேர் வருகிறது என்றால் வீதியைக் குறுக்கே கடக்கிற ஒயர் ஒன்றுகூட இருக்கக் கூடாது. முந்தின நாளே எல்லாக் கம்பெனிக்காரர்களும் ஏணியோடு வந்து அவரவர் ஒயரைக் கழற்றிச் சுருட்டிக் கம்பத்தில் மாட்டிவிடுவார்கள். நாலு வீதியும் ஆகாசம் தெரியக் கிடக்கும். தேர் நிலைக்கு வந்த அடுத்த நிமிஷம் ஆரம்பிக்கும் அமளி. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஏறி, எது தன் ஒயர் என்று தேடி, இழுத்துக் கட்ட வேண்டும். வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று அவசரப்படுத்துவார்கள்.

பத்து வருஷம் நிறைந்த அந்த நாளில் இங்கே விடுமுறை. காலையில் தோசை வார்த்துக்கொண்டே வீடியோவில் அவனைக் கூப்பிட்டேன். ஊரில் மதியம்.

"என்னடா, தேர் நிலைக்கு வந்துடுச்சா?"

"வந்துடுச்சுக்கா. கூட்டம் இன்னும் கலையல. நான் ஏணியப் போட்டுட்டேன். லேட் பண்ணினா கீழச் சித்திரை வீதி மொத்தமும் என் உசுர எடுத்துடும்."

போனைக் கம்பத்துப் பெட்டியில் சாய்த்து வைத்துவிட்டு வேலையில் இறங்கினான். கையில் பேனா மாதிரி ஒரு சிவப்பு லேசர். ஃபைபர் என்கிற கண்ணாடி இழை ஒயரின் ஒரு முனையில் அதைச் செருகினால் வெளிச்சம் இழைக்குள்ளேயே ஓடி மறுமுனையில் சிவப்பாக எட்டிப் பார்க்கும். எந்த முனை சிவக்கிறதோ அதுதான் இந்த ஒயர். என் வேலையைச் செந்திலுக்கு நான் நீட்டி விளக்க வேண்டியே வந்ததில்லை. அவனும் இதையே செய்கிறவன் என்பதால் இரண்டு வாக்கியத்தில் புரிந்துவிட்டது.

பன்னிரண்டு வயது நிலா பக்கத்தில் வந்து நின்றாள். அவள் பொதுவாக ஊருக்கு வரும் போன்களில் "ஹாய்" சொல்லிவிட்டு நழுவிவிடுவாள். நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும். அன்றைக்குச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"மாமா, அது என்னா?"

"லேசர்டா கண்ணு. நேரா கண்ணுல பார்க்கக் கூடாது. இப்ப பாரு."

லேசரைச் செருகப் போனவன், செருகாமல் இறங்கி, வீதியைக் கடந்து எதிர்ப் பக்கத்துக் கம்பத்துக்குப் போனான். அங்கே ஒயரின் மறுமுனையை விரலுக்கு நடுவில் பிடித்துக் குனிந்து பார்த்தான். திரும்பி வந்தான். அப்புறம்தான் லேசரைச் செருகினான். மறுபடி எதிர்ப் பக்கம் நடந்தான்.

"ஏன்டா வெயில்ல ரெண்டு நடை நடக்கற?" என்றேன். "லைட்ட விட்டுட்டு ஒரு தடவ போய்ப் பார்த்தா ஆகாதா?"

"ஆகாதுக்கா. முதல் நடைதான் முக்கியம். என் லைட்டு அணைஞ்சிருக்கறப்ப அந்த முனை இருட்டா இருக்கணும். அதப் பார்க்காம லைட்ட விட்டா, அங்க எரியறது என் லைட்டா அடுத்தவன் லைட்டான்னு எனக்கு எப்படித் தெரியும்? இங்க எல்லாரும் இதே சிவப்பு லைட்டோட நிக்கறான். போன வருஷம் அவசரத்துல முதல் நடை போகல. ஒரு மாமி வீட்டு லைன எதிர்ல இருக்கற லாட்ஜுக்குக் கொடுத்துட்டேன். மூணு நாள் மாமிக்கு சீரியல் இல்ல. அந்தப் பக்கமே தலை காட்ட முடியல."

நிலா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. தோசை கருகுகிற வாசனை வந்தது.

5

எங்கள் வேலையிலும் முதல் நடை உண்டு. சில எலிகளுக்கு இரண்டு வைரஸும் அதே மாதிரி கொடுப்போம். ஆனால் அந்த எலிகளில் உறைமோர் வேலை செய்வதற்கான சாவி கிடையாது. கதவு முளைக்கக் கூடாது. பச்சைக் கிருமி உள்ளே போகவே கூடாது. சீவிப் பார்த்தால் மொத்த மூளையும் கும்மிருட்டாக இருக்க வேண்டும். அந்த இருட்டுதான் மற்ற எலிகளில் தெரிகிற வெளிச்சத்துக்குச் சாட்சி.

அந்தச் சீவல்கள் ஏப்ரலிலிருந்து குளிர்பெட்டியில் கிடந்தன. மைக்ராஸ்கோப் நேரம் எங்களுக்கு ரேஷன் மாதிரிதான் கிடைக்கும். கிடைத்த நேரத்தில் பச்சை இருக்கிறதை ஆசையாகப் பார்த்துவிட்டு, இருட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். இருட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்ற அலட்சியம்.

மறுநாள் காலை முதல் ஆளாகப் போய் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்தேன்.

பச்சை. உறை ஊற்றிய இடத்தில் பச்சை. நகர்த்திக்கொண்டே போனால் பயம் இருக்கிற இடத்திலும் பச்சைப் புள்ளிகள். சாவியே இல்லாத எலியில். அடுத்த தகடு, அதற்கடுத்த தகடு, எல்லாவற்றிலும் அதே கதை. வைகுண்ட ஏகாதசி அளவுக்கு இல்லை, ஆனாலும் இருந்தது. எச்சில் விழுங்கப் பார்த்தேன், முடியவில்லை. என் தொண்டையே என் ஆராய்ச்சியை நடத்திக் காட்டியது என்று இப்போது சிரிக்கிறேன். அப்போது நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே பயமாக இருந்தது.

தவறு எங்கே என்று தேட நேரம் ஆகவில்லை. என் கையெழுத்திலேயே நோட்டில் இருந்தது. உறைமோர் வைரஸை இருபது மடங்கு நீர்க்கச் செய்து கொடுக்க வேண்டும் என்பது ஆன்யா தந்த குறிப்பு. நான் ஐந்து மடங்கோடு நிறுத்தியிருக்கிறேன். ஏன்? குறைவாகப் போய்விடக் கூடாதே என்ற பயம். எங்கள் வீட்டில் கரண்டியை அளந்து போட்டால் அது கஞ்சத்தனம். இலையில் சோறு போடும்போது, போதும் என்று கை மறித்த பிறகும் ஒரு கரண்டி விழும். என் கை அப்படிப் பழகிய கை. ஆனால் அதே வீட்டில்தான், உறை கூடிப்போனால் தயிர் பல்லைக் கூசவைக்கும் என்று எட்டு வயதில் தெரிந்துகொண்டேன். பாலுக்குத் தெரிந்ததை வைரஸுக்கு மறந்துவிட்டேன்.

அளவு கூடினால் இந்த வைரஸ் கசியும். சாவி இல்லாத செல்களிலும் அரைகுறையாகக் கதவு முளைக்கும். தூரத்திலிருந்து இழை நீட்டியிருக்கிற செல்கள் அந்த இழை நுனி வழியாகவே உறையையும் உறிஞ்சிக்கொள்ளும், அடுத்து வருகிற பச்சையையும் உறிஞ்சிக்கொள்ளும். தாவாமலே மின்னும். அப்படியானால் நான் கண்ட நேரடி ஒயர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பேசுகிறார்களா, சும்மா பக்கத்தில் நிற்கிறார்களா என்று சொல்ல முடியாது. லாட்ஜில் மாமியின் சீரியல் ஓடுகிறது, அவ்வளவுதான்.

ஒளிக்காமல் சொல்கிறேன், ஒரு பதினைந்து நிமிஷம் கெட்ட எண்ணம் வந்தது. அந்தக் குளிர்பெட்டிச் சீவல்களை யாரும் கேட்கவில்லை. குழு படத்தைப் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் ஜூலையில் ஒப்பந்தம், ஆகஸ்டில் விசா. நிலா அதே பள்ளிக்கூடம் போவாள். அப்புறம் மெதுவாகச் சரி செய்துகொள்ளலாம். இப்படியெல்லாம் எண்ணம் ஓடியது. வெயிலில் வீதியைக் கடந்து வெறும் இருட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்த செந்தில் நினைவுக்கு வந்தான். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆன்யாவின் அறைக் கதவைத் தட்டினேன். நாங்கள் ஜெர்மனில் பேசியதை என் தமிழில் தருகிறேன்.

"சாவி இல்லாத எலிகளில் பச்சை இருக்கிறது. பயப் பகுதியிலும் இருக்கிறது. உறை வைரஸை நான் அதிகமாகக் கொடுத்துவிட்டேன்" என்றேன்.

அவள் கணினியிலிருந்து கண்ணை எடுத்தாள். "எவ்வளவு அதிகம்?"

"நாலு மடங்கு."

"நான் படத்தைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேனே."

"தெரியும். திரும்ப வாங்கிவிடு."

இந்தப் பத்து வருஷத்தில் நான் தடுமாறாமல் ஒரு மேலதிகாரியை 'நீ' என்று சொன்னது அன்றைக்குத்தான். எங்கள் ஆய்வுக்கூடத்தில் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிட வேண்டும், எனக்கு நாக்கு எழாது.

"மறுபடி செய்ய எத்தனை வாரம்?"

"ஆறு."

"குழு கூடுவதற்கு ஏழு வாரம் இருக்கிறது" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

6

அந்த ஆறு வாரமும் வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. வைரஸை இருபது மடங்கு நீர்க்கச் செய்தேன், ஆன்யாவைப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டு. மனசு மட்டும் தாராளமாகப் போடு போடு என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பிறகு மூன்று வாரக் காத்திருப்பு. பச்சையை விட்டு இன்னும் ஒரு வாரம். எலிகளைத் தினமும் போய்ப் பார்த்தேன். அவை சௌக்கியமாகச் சாப்பிட்டன. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, இன்ஷூரன்ஸ், புதிய வேலை ஒப்பந்தம் என்று ஐந்து காகிதம் கேட்டிருந்தார்கள். நாலு இருந்தது, ஐந்தாவது இல்லை. கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தேன். நிலா எடுத்துப் படித்துவிட்டாள். எங்களைவிட வேகமாக இந்த ஊர்க் காகிதங்களைப் படிக்கிறவள் அவள்தான்.

"அம்மா, நாம உங்க ஊருக்குப் போகணுமா?" என்று கேட்டாள். தமிழில் கேட்டாள். ஆனால் 'உங்க ஊரு'.

எனக்குச் சுருக்கென்று இருந்தது. மண்ணச்சநல்லூர் அரிசி இங்கே தேடிப் பிடித்து வாங்கிப் பொங்கிப்போடுகிறேன், அவளைக் கொள்ளிடம் பாலத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்திருக்கிறேன். பன்னிரண்டு வருஷத்தில் அது அவளுக்கு என் ஊராகத்தான் இருக்கிறது. "தெரியலம்மா. எலி பதில் சொல்லணும்" என்றேன்.

ஒரு நல்லது நடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளாகவே மாமனுக்குப் போன் போட ஆரம்பித்தாள். லேசர் காட்டச் சொல்வாள், எந்த வீட்டு லைன் எந்தக் கம்பத்தில் என்று கேட்பாள். கீழச் சித்திரை வீதியின் கம்பங்கள் இப்போது என்னைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். இதே விஷயத்தை நான் சொன்னால் பாடம், அவன் சொன்னால் வேடிக்கை. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

செந்திலிடம் நடந்ததைச் சொன்னபோது அவன் பதறினான். "ஐயோ, நான் பாட்டுக்கு வாய வெச்சுக்கிட்டு சும்மா இல்லாம சொல்லிட்டேனேக்கா."

"நீ சொல்லலேன்னா மூணு நாள் இல்லடா, மூணு வருஷம் நான் தலை காட்டியிருக்க முடியாது" என்றேன்.

அவன் போனில் இருந்த பச்சைப் படத்தை எடுத்துவிடச் சொன்னேன். "அது இருந்துட்டுப் போகட்டுமே" என்றான். பிடிவாதமாக எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டான். ஆவின் பூத்காரர் ஏன் என்று கேட்டாராம்.

7

ஆறாவது வாரம், மைக்ராஸ்கோப் அறை. இந்த முறை சாவி இல்லாத எலிகள்தான் முதலில்.

முதல் தகடு. இருட்டு. வெளிச்சத்தைக் கூட்டினேன். இருட்டு. விளக்கே எரியவில்லையோ என்று சந்தேகம் வந்து, செல்களின் உட்கருவைக் காட்டுகிற நீலத்துக்கு மாற்றினேன். நீலமாக லட்சோப லட்சம் செல்கள் பளிச்சென்று வந்தன. எல்லாரும் வீட்டில்தான் இருக்கிறார்கள். மறுபடி பச்சைக்கு மாற்றினேன். ஒருவர்கூட மின்னவில்லை. தகடு தகடாக, மூளையின் அடியிலிருந்து நுனிவரை, ஒரு புள்ளி கிடையாது. இரண்டு மணி நேரம் வெறும் இருட்டைப் பார்த்தேன். வாழ்க்கையில் எதையும் அத்தனை சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

அப்புறம் சாவி உள்ள எலிகள். விழுங்குகிற செல்கள் சிவப்பும் பச்சையும் கலந்து மஞ்சளாக இருந்தன. முன்பைவிட ரொம்பக் குறைவு. அதுதான் சரியான அளவு. மெதுவாக முன்னால் நகர்த்தினேன். பயத்தின் இடம் வந்தது. முதல் தகட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஓரமாக ஒன்று. தனியாக, முழுசாக, கிளை கிளையாக இழைகளை விரித்துக்கொண்டு பச்சையாக நின்றது. அடுத்த தகட்டில் மூன்று. கடைசிவரை எண்ணினேன். அந்த எலியில் பதினொன்று. மற்ற எலிகளிலும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

சீரியல் லைட் இல்லை. பதினொரு பேர். ஆனால் அந்தப் பதினொரு பேரும் நடுவில் ஆள் வைக்காமல், நேராகத் தொண்டையின் அதிகாரியிடம் பேசுகிறவர்கள். பயத்திலிருந்து இட்லிவரை ஒரே ஒயர். கதவைத் திறந்துகொண்டு நடைபாதையில் ஓடினேன். நாற்பத்து மூன்று வயதில், வெள்ளைக் கோட்டோடு ஓடினேன். ஆன்யா வந்து பார்த்தாள். முதலில் இருட்டைக் கேட்டாள். காட்டினேன். பிறகு பச்சையைக் காட்டினேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். இந்த ஊரில் இதெல்லாம் தினம் நடக்கிற விஷயமில்லை.

குழுவுக்குப் போன புது அறிக்கையில் ஆன்யா இருட்டுப் படத்தை முதல் பக்கத்தில் வைத்தாள், பதினொரு பேரை இரண்டாம் பக்கத்தில். பழைய படம் ஏன் தவறு என்று நான் எழுதிய பத்தியும் இருந்தது. இரண்டு வருஷம் கொடுத்தார்கள். அலுவலக அம்மாள் ஐந்தாவது காகிதத்தை வாங்கிக்கொண்டு, நாற்காலியை நகர்த்தாமலே கை கொடுத்தார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. மைக்ராஸ்கோப் அறையிலிருந்து வந்த அந்த மத்தியானம், வீட்டு வாட்ஸ்அப் குழுவில் நான் போட்டது ஒரே ஒரு படம். சாவி இல்லாத எலியின் மூளை. முழுக் கறுப்பு.

அம்மாவின் குரல் செய்தி உடனே வந்தது. "படம் வரலடி. கறுப்பா இருக்கு. திரும்ப அனுப்பு."

நான் பதில் போடுவதற்குள், பள்ளிக்கூட இடைவேளையில் இருந்த நிலா தட்டுத் தடுமாறித் தமிழில் பேசி அனுப்பினாள். "பாட்டி, படம் வந்துச்சு. அது மாமாவோட முதல் நடை."

செந்தில் என்ன செய்தான் என்பது நாலு நாள் கழித்து அம்மா சொல்லித்தான் தெரிந்தது. பச்சைப் படம் இருந்த இடத்தில் அந்தக் கறுப்பை முகப்புப் படமாக வைத்துக்கொண்டு வீதியில் திரிகிறானாம். ஆவின் பூத்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, போன் செத்துப்போச்சா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லைங்க" என்றானாம். "எங்கக்கா எடுத்த படம்."